விலை கேட்டவரிடம் என்ன சொல்வது

பழைய காசு வியாபாரத்தில் லாபம் விற்கிற நேரத்தில் வருவதில்லை, வாங்கும்போதே வந்துவிடுகிறது. விற்கிற விலையை ஊரே சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறது. கேட்டலாக் இருக்கிறது, ஏல முடிவுகள் இருக்கின்றன, வாங்க வருகிற சேகரிப்பாளருக்கும் எங்கள் அளவுக்கு விவரம் தெரியும். கொஞ்சம் முன்பின் பேசலாம், அவ்வளவுதான். வாங்குகிற விலை அப்படியில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று பெரும்பாலும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அதை மூடி மறைத்து, "நாங்க சரித்திரத்தைக் காப்பாத்துறோம்" என்று மட்டும் பேசுகிற வியாபாரியைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

எழுபதுகளின் கடைசியில் தாய்மாமாவோடு சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போய்வரத் தொடங்கியதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் எரிந்துபோயிற்று. அதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகம், ரேடியோ, கடிகாரம், கிளி, முயல் என்று கிடைக்காதது எதுவுமில்லை. வெளிவராந்தாவில் சாக்கை விரித்துப் பழைய காசுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். மாமா என்னை அங்கே உட்கார வைத்து, "மாப்ளே, விலையைக் கேளு. விளக்கம் கேக்காத. விளக்கம் கேட்டா அவன் முழிச்சுக்குவான்" என்பார். அவர் குவியலில் கை வைக்கும் விதமே தனி. வேண்டியதை முதலில் எடுக்க மாட்டார். வேண்டாததில் நாலைந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றுக்கு முகம் சுளித்து, கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசுவார். வேண்டிய காசு அந்த மொத்தத்துக்குள் கிடக்கும்.

அப்படி ஒரு குவியலில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள் கிடந்தன. விற்கிறவர் தராசில் போட்டு வெள்ளி விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ராஜா தலையோடு நல்ல வெள்ளியில், அதாவது 91.7 சதவீத வெள்ளியில், வந்த ரூபாய் இரண்டே வருஷத்தது: 1938, 1939. 1940-இலிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1938 ரூபாய் வீட்டுக்கு வீடு இருந்தது. 1939 அபூர்வம். போர் தொடங்கிய வருஷம் அது, வெளியே வந்தது கொஞ்சம்தான். அந்தக் குவியலில் ஒரு 1939 இருந்தது. மாமா அதை எடுத்து, மற்றதோடு சேர்த்து நிறுத்து, வெள்ளி விலையைக் கொடுத்து வாங்கிவிட்டார். வெளியே வந்த பிறகும் லென்ஸை எடுக்கவில்லை. பார்க் டவுன் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி எண்ணை உற்றுப் பார்த்தார். 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிற கைகாரர்கள் அப்போதே இருந்தார்கள். அது சுரண்டாத ஒன்பது.

அந்தச் சாக்குக்காரருக்கு நாங்கள் துரோகம் செய்தோமா என்று பின்னாளில் என்னிடம் சில இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறேன். அவர் வியாபாரி. காலையில் கடை விரித்து மாலையில் கட்டுகிறவர். தேதியைப் பார்க்கிற வேலை அவருடையது. எங்களிடமும் அவர் தேய்ந்த காசைப் புதுக்காசு என்று தலையில் கட்டியிருக்கிறார், அதற்காக நாங்கள் போய்ச் சண்டை போட்டதில்லை. வியாபாரிக்கு வியாபாரி பேசுகிற பேச்சு அது. முகம் சுளிப்பது, வேண்டாததைச் சேர்த்துக் கேட்பது, எழுந்து போவதுபோல் போக்குக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் மாமா ஒன்றைச் செய்ய மாட்டார். நல்ல காசைக் கையில் வைத்துக்கொண்டு "இது டூப்ளிகேட்" என்று சொல்ல மாட்டார். பக்கத்தில் ஒருவர் இதையே தொழிலாக வைத்திருந்தார். நல்ல சரக்கு வந்தால் உதட்டைப் பிதுக்கி, "அச்சு மோசம், இது பம்பாய்ல அடிக்கிற போலி, வெயிட்டுக்கு வேணா எடுத்துக்கிறேன்" என்பார். பத்தில் எட்டுப் பேர் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமா அவரோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டார். சும்மா இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி என்று எனக்குப் புரிந்தது பிறகு, மதுரையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நானே சின்னதாகக் கடை போட்ட பின்னால்.

புரிய வைத்தவர் ஒரு வக்கீல். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் அடித்த ஈயக் காசுகளில் அவருக்குப் பித்து. 1620 முதல் 1845 வரை அந்தச் சின்ன ஊரை வைத்துக்கொண்டு அவர்கள் அடித்த காசு வகைகளைச் சொல்ல ஆரம்பித்தால் கோர்ட்டுக்கு நேரமாவதே தெரியாது அவருக்கு. ஒருநாள் நானும் இன்னொரு வியாபாரியும் இந்த விஷயத்தைத்தான் வாதாடிக்கொண்டிருந்தோம். தெரிந்ததைச் சொல்லாமல் வாங்குவது மோசடியா? அவர் சிரித்துவிட்டு, 1872-இன் ஒப்பந்தச் சட்டத்தில் பதினேழாவது பிரிவைப் பாருங்கள், உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும் என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒருவருக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது. அதற்குச் சட்டமே உதாரணங்கள் கொடுக்கிறது, பெரும்பாலும் குதிரை வியாபாரம். நொண்டிக் குதிரையை ஏலத்தில் விற்கிறவன் வாயைத் திறக்காவிட்டால் மோசடி இல்லை. இரண்டு வியாபாரிகள் பேரம் பேசுகிறார்கள், விலை மாறப்போகிற சேதி ஒருவனுக்கு மட்டும் தெரியும், அவன் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை. இதுவரை கேட்டதும் என் நண்பர் தொடையைத் தட்டினார். வக்கீல் கையமர்த்தினார். வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகள், அப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால், அந்த உறவே சொல்ல வேண்டிய கடமையைக் கொண்டுவந்துவிடுகிறது. அதற்கடுத்த உதாரணத்தில் வாங்குகிறவன், "நீ இல்லேன்னு சொல்லாட்டி குதிரை நல்லாருக்குன்னே நான் எடுத்துக்குவேன்" என்கிறான். அதற்கு விற்கிறவன் மௌனமாக இருந்தால் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

"இதுல விக்கிறவன் வாங்குறவன்னு இருக்கறதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. உங்க கடைக்கு வர்ற அம்மா, 'நீங்களே பார்த்துச் சொல்லுங்க தம்பி'ன்னா, அதுக்கப்புறம் நீங்க சும்மா இருக்க முடியாது" என்றார் வக்கீல்.

சட்டம் படித்தவர்கள் இதில் நுணுக்கமாக இன்னும் பேசுவார்கள். குறைந்த விலை என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று இருபத்தைந்தாவது பிரிவும் சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு மனதார விற்றால் விற்றதுதான். ஆனால் விலை அத்தனை குறைவாக இருப்பதே, சம்மதம் மனதாரக் கொடுத்ததுதானா என்று சந்தேகப்பட ஒரு காரணமாகலாம். கோர்ட்டுக்கு இதெல்லாம் வரப்போவதில்லை. ஐந்நூறு ரூபாய்க் காசுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? எனக்கு வேண்டியிருந்தது கடையில் உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு பிடிமானம். எதிரில் இருப்பவர் வியாபாரியா, வீட்டுக்காரரா? அவர் விலை சொன்னாரா, விலை கேட்டாரா? நான் பார்க்கிறது இந்த இரண்டையும்தான்.

விலை கேட்டவர்களில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா நன்றாக நினைவிருக்கிறார். மகளைக் காலேஜில் சேர்க்கப் பணம் தேவை. மஞ்சள் துணியில் முடிந்து ஒரு வெள்ளி வட்டைக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்து, விபூதி வைத்து மெருகேற்றியிருந்தார், பளபளவென்று இருந்தது. எங்கள் தொழிலில் கண்ணீர் வரவைக்கிற பளபளப்பு அது. இருநூறு வருஷம் படிந்த நிறத்தை ஒரு கொட்டைப் புளி எடுத்துவிடும், விலையில் பாதியையும் சேர்த்து. காசு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் 'அரை பூவராகன்' என்று எழுத்து. 1808-ஐ ஒட்டிய சில வருஷங்கள்தான் அடித்தார்கள். 1818-இல் வராகக் கணக்கே ஒழிந்து ரூபாய்க் கணக்கு வந்துவிட்டது. எடை 21 கிராம் சொச்சம் இருக்கும்.

"என்ன தரும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

இந்த வாக்கியம் வந்துவிட்டால் நான் வாங்குகிறவன் இல்லை. மதிப்புப் போடுகிறவன். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தால் விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுவேன்: இது என்ன காசு, நான் இதை என்ன விலைக்கு விற்பேன், உங்களுக்கு என்ன கொடுப்பேன். பிறகு சீட்டை அவர்களிடமே கொடுத்து, வேறு இரண்டு கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். தேய்த்திருக்காவிட்டால் இன்னும் கிடைத்திருக்கும் என்பதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன், இனிமேலாவது யாரும் தேய்க்காமல் இருக்கட்டும் என்று. அவர் நகைக்கடை வீதிக்குப் போனார். அங்கே உரைத்துப் பார்த்து வெள்ளி எடைக்கு விலை சொன்னார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார். உரைத்த கோடு பெருமாள் மேலேயே விழுந்திருந்தது. நான் சீட்டில் எழுதியதைத்தான் கொடுத்தேன். அந்தக் கோட்டுக்கு அவரிடம் என்ன கழிப்பது?

என் விற்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவில் இருந்தது சின்ன வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்க்கு விற்கக்கூடிய காசு, நாளைக்கே கேட்டு வரும் ஆள் இருந்தால் எண்பது வரை கொடுப்பேன். டப்பாவில் இரண்டு வருஷம் தூங்கும் என்றால் ஐம்பது. கடை வாடகை, முதலுக்கு வட்டி, எப்போதாவது ஏமாந்து வாங்குகிற போலி, எல்லாம் அந்த ஐம்பதுக்குள்தான். பாதி விலை என்று கேட்டதும் பல வீட்டுக்காரர்கள் முகம் மாறும். ஏன் பாதி என்று உட்கார வைத்துச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்குப் புரிகிறது. கீரை விற்கிறவர்கள், துணி வியாபாரம் செய்கிறவர்கள் என்றால் சொல்லவே தேவையில்லை. அநியாயம் என்று நான் நினைப்பது ஐம்பதை இல்லை. இரண்டாவது வரியை மறைத்துவிட்டு மூன்றாவது வரியை மட்டும் சொல்வதைத்தான்.

தொழிலில் இருக்கும் நண்பர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கண் எரிய லென்ஸில் பார்த்துக் கற்றது, புத்தகம் வாங்கிக் கற்றது, ஏமாந்து கற்றது. இந்த அறிவை எதற்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்? டாக்டர் காசு வாங்கிக்கொண்டுதானே சொல்கிறார்? வாங்கட்டுமே, நானும்தான் இப்போது மதிப்புப் போடக் கட்டணம் வாங்குகிறேன். ஆனால் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு நோயாளியின் சிறுநீரகத்தை விலை பேசுவதில்லை.

வியாபாரி, வீட்டுக்காரர் என்று இரண்டாகப் பிரிப்பது சுலபம். நடுவில் நிற்கிறவர்கள்தான் சிக்கல். காயலான் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலிக்கிறவர்கள். அந்த ஆற்றங்கரை சேரர்களின் பழைய ஊர். மணலில் பொன் துணுக்கு தேடிச் சலித்தவர்களுக்குச் செப்புக் காசுகளும் கிடைத்துக்கொண்டே இருந்தன, சேரர் காசு, ரோமானியக் காசு எல்லாம். சதுரமாக, பாசி பிடித்து, எழுத்தும் தெரியாமல் இருக்கிற செம்புத் துண்டுக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே விலை கிலோ விலை. எத்தனை மூட்டை உருக்குக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசையும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி எண்பதுகளில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசை அடையாளம் கண்டு எழுதினார். அதற்குப் பிறகு சேரர் காசுகளில் 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்ற பெயர்களும் வாசிக்கப்பட்டன. சங்ககால அரசர்கள் காசே அடிக்கவில்லை என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். உருக்குக் கடைக்குப் போகாமல் யாரோ ஒதுக்கி வைத்ததால் பிழைத்த காசுகள் அவை.

ஒதுக்கி வைக்கத் தூண்டியது விலைதான். கிலோ விலைக்கே வாங்கிக்கொண்டு வருகிறவன் அன்றைக்குக் கெட்டிக்காரன். அடுத்த முறை அதே ஆள் சலித்ததை அப்படியே கொட்டி உருக்குக்குக் கொடுத்துவிடுவார், அவருக்கு இரண்டும் ஒன்றுதானே. அதனால் நான் கரூர்ப் பக்கம் போகும்போது, "யானை, வில், மீன், எழுத்து எது தெரிஞ்சாலும் தனியா வைங்கண்ணே, காசுக்கு இவ்வளவு" என்று ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லிவிட்டு வருவேன். நல்லது கிடைத்தால் அதற்கு மேலும் கொடுப்பேன். பேச்சு பரவும். அடுத்த தடவை போட்டிக்கு இரண்டு பேர் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள். என் சரக்கு விலையை நானே ஏற்றிக்கொண்டேன் என்று மாமா திட்டுவார். ஏற்றியதுதான். ஆனால் சரக்கு வந்தது.

இதில் எனக்கு இன்றும் தீராத ஒரு சங்கடம் உண்டு. 1878-இன் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-இன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அதை விற்கிற தொழிலுக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. நல்ல விலை கொடுத்தால் காசு பிழைக்கிறது. அதே நல்ல விலை, தோண்டக் கூடாத இடத்தில் தோண்டவும் ஆள் அனுப்புகிறது. ஆற்று மணல் தானாக அடித்துக்கொண்டு வந்ததற்கும் மேட்டைக் குத்திக் கிளறியதற்கும் வித்தியாசம் காசின் முகத்தில் ஓரளவு தெரியும். பானையோடு ஒட்டிய மண்ணும், ஒரே பாசி நிறத்தில் ஐம்பது காசும் ஒன்றாக வந்தால் நான் கை வைப்பதில்லை, விலை எத்தனை குறைவாக இருந்தாலும். குறைவாக இருந்தால் அதிகம் யோசிப்பேன். கோயில் சாமான் என்று சந்தேகம் வந்தால் கடை வாசலோடு சரி.

மலிவு விலைக்குப் பின்னால் திருட்டு இருக்கலாம், பங்காளித் தகராறும் இருக்கலாம். செட்டிநாட்டில் வீடு பிரிக்கிறபோது இது அடிக்கடி நடக்கும். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த பெட்டிகளில் காசும் நோட்டும் கிடக்கும். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குகள். சாவி வைத்திருக்கிறவர் மட்டும் சத்தமில்லாமல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கோ மதுரைக்கோ ஒரு பையோடு வருவார். அவருக்கு விலை முக்கியமில்லை, இன்றைக்கே பணம் வேண்டும். அப்படி வந்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பங்காளிகளில் இன்னொருவர் போன் நம்பர். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

விலை கேட்காமல், தானே மலிவாக விலை சொல்லிவிடுகிற வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவரிடம்தான் என் கணக்கு தடுமாறும். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அப்படி. மதுரையில் கல்யாணத்துக்கு வந்தவர், கடைப் பலகையைப் பார்த்து உள்ளே ஏறினார். பர்ஸில் மடித்து வைத்திருந்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று. நீல நிறம். "வாப்பாவோட சாமான்ல இருந்திச்சு தம்பி. பேங்குல வாங்க மாட்டேங்கறான். ஐம்பது ரூவா கொடுங்க, போதும்" என்றார்.

எண்ணுக்கு முன்னால் ஹெச்ஏ என்று இரண்டு எழுத்து. ஹஜ் நோட்டு. ஐம்பதுகளில் வளைகுடா நாடுகளில் நம் ரூபாய்தான் புழங்கியது, அதைக் கொண்டு தங்கம் கடத்துவது பெருகியதால் 1959-இல் அங்கே மட்டும் செல்லும் தனி நோட்டுகளை வெளியிட்டார்கள். அதோடு ஹஜ்ஜுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கென்றும் பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் தனி நோட்டுகள் வந்தன. இந்தியாவுக்குள் அவை செல்லாது, சவூதியில் மாற்றிக்கொள்ள மட்டும். மாற்றாமல் மிச்சமாகத் திரும்பி வந்தது அபூர்வம். அப்படி ஒன்று அது. மடிப்பு இருந்தாலும் கிழியவில்லை.

அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. விலையும் அவர் சொன்னது. என் நண்பர்கள் யாராக இருந்தாலும் கல்லாவைத் திறந்திருப்பார்கள், பதினேழாவது பிரிவும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். எனக்குப் பட்டது வேறு. சாக்குக்காரர் சொல்லும் விலை ஒரு தீர்மானம். தப்பாக இருந்தாலும் தீர்மானம். இந்தப் பெரியவர் சொன்ன ஐம்பது அப்படி இல்லை, செல்லாத நோட்டுக்கு எதாவது கிடைத்தால் சரி என்ற நினைப்பு. பொருள் இன்னதென்று தெரிந்த பிறகு சொல்வதுதான் விலை. நான் விவரத்தைச் சொன்னேன், நான் கொடுக்கக்கூடிய தொகையையும் சொன்னேன். ஐம்பதுக்குப் பக்கத்தில் எங்கேயும் இல்லாத தொகை.

பெரியவர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாப்பா ஹஜ்ஜுக்குப் போன வருஷத்தை விரல் விட்டு எண்ணினார். "அப்ப இது வீட்டுல இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி, மறுபடி பர்ஸில் மடித்துக்கொண்டு போய்விட்டார். மடிக்காதீர்கள் என்று பின்னாலேயே போய் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. சில வருஷம் கழித்து அதே போல் ஒரு நோட்டு மதுரையிலேயே வேறு கடையில் விலைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதுதானா என்று போய்ப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட வாய்ப்பெல்லாம் இப்போது குறைந்துவிட்டது. 1980 தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி எகிறியபோது வீட்டு வெள்ளி ரூபாய்களில் ஏராளம் உருக்குக்குப் போயிற்று. மிஞ்சியவை சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. பிறகு பெரிய நகரங்களில் முறையான ஏலங்கள் வந்தன, அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்து வாங்குகிற பழக்கம் வந்தது, போனில் படம் எடுத்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் விலை சொல்லப் பத்துப் பேர் வந்தார்கள். தெரியாமல் மலிவாக விற்கிறவர்கள் அருகிப் போனார்கள். நல்லதுதான்.

ஆனால் அதற்கு நேர் எதிரான கூட்டம் இப்போது கடை வாசலில் நிற்கிறது. வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், டிராக்டர் போட்ட பழைய அஞ்சு ரூபாய் நோட்டு, 786 என்று முடிகிற நோட்டு. ஒவ்வொன்றும் பல லட்சம் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று முன்பணம் கறக்கிற ஆட்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் தாத்தா, ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் போட்டு 1818 என்று பொறித்த 'கம்பெனிக் காசு'. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி அதற்காக நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

இவர்களிடம் உண்மை விலையைச் சொல்வது, மேலூர் அம்மாவிடம் சொன்னதை விடக் கஷ்டம். "இது இருபது ரூபாய்ப்பா" என்றால், "கம்மியா அமுக்கப் பாக்குறீங்க" என்கிறார்கள். கோபமும் நியாயம்தான். எங்களில் எத்தனை பேர் உதட்டைப் பிதுக்கி அமுக்கியிருக்கிறோம்! ஊருக்கு அது தெரியும். அந்தக் கடனைத்தான் இப்போது நேர்மையாகப் பேசுகிறவனும் சேர்த்துக் கட்டுகிறான். ஒரு பையன் ராஜராஜன் செப்புக் காசோடு வந்தான். நின்ற உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவம் மறுபக்கம், நல்ல காசு. ராஜராஜன் பெயர் என்றதும் கோடி என்று நினைத்துவிட்டான். அந்தக் காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது, சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். என்னிடம் இருந்த டப்பாவைத் திறந்து அதே காசைக் கைநிறைய அள்ளிக் காட்டிய பிறகுதான் நம்பினான். விற்கவில்லை. அந்த டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.

வக்கீல் சார் காலமான பிறகு அவர் மகன் ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பா குறிப்பேட்டில் ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய விலை, தேதி, வாங்கிய இடம் எல்லாம் எழுதியிருந்தார். முக்கால்வாசி இடத்தில் என் கடைப் பெயர். "அங்கிள், நீங்களே எடுத்துக்கங்க. நீங்க சொல்றதுதான் விலை" என்றான். நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கு உண்டான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பெட்டியை ஏலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன்.

அதில் ஒரு தரங்கம்பாடி ஈயக் காசு இருந்தது. என்னிடம் வாங்கியதில்லை, எங்கோ பாண்டிச்சேரியில் பிடித்தது. பல வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் தந்ததில்லை. ஏலத்தன்று நானும் கை தூக்கினேன். நான் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் கையை இறக்கிவிட்டேன். போனில் கேட்ட யாரோ வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பையன் கூப்பிட்டான். "அங்கிள், அந்த ஈயக் காசு உங்களுக்குப் பிடிக்கும்னு அம்மா இப்பத்தான் சொல்றாங்க. முன்னாடியே சொல்லிருந்தா தனியா எடுத்து வச்சிருப்போமே!"

ஏலக்காரர்கள் கமிஷன் கழித்துப் பணம் அனுப்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை ரசீதைத் தொலைத்துவிடாதே என்று அவனிடம் சொன்னேன்.